பிடிக்காத பிரேக்

பிரேக்குக்கான புது மாஸ்டர் சிலிண்டரை டப்பாவோடு இடது கையால் நீட்டினார் பக்கிரிசாமி. வலது கை, தோளிலிருந்து இறங்கிய துண்டுக்கு அடியில் இருந்தது.

மெக்கானிக் நெடுமாறனுக்குச் சுருக்கென்றது. அவன் தாத்தா இதே பக்கிரிசாமியின் அப்பா வயலில் நாற்றுப் பறித்தவர். அவர் காலத்தில் எந்தக் கையால் கொடுத்தாலும் குனிந்து வாங்கியிருப்பார். நீடாமங்கலத்தில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டு, போர்டில் தன் பேரை எழுதி வைத்திருப்பவன் எதற்கு வாங்க வேண்டும்?

"அப்படி ஸ்டூல்ல வைங்க சார்" என்றான்.

வைத்தார். "ஒரிஜினல் சாமான். சிங்கப்பூர்லேருந்து மச்சான் தேடிப் பிடிச்சு அனுப்பியிருக்கான். இதையாவது ஒழுங்கா மாட்டு தம்பி."

"இதுவரைக்கும் ஒழுங்காத்தான் சார் மாட்டுனேன்."

"அப்புறம் ஏன் பிடிக்க மாட்டேங்குது? நேத்து ரயில்வே கேட்டுல நின்ன பஸ்ஸுல போய் முட்டியிருப்பேன். பின்னாடி வீட்டுக்காரி உக்காந்திருக்கா. வண்டிய ஒடிச்சு வயல்ல எறக்கினதால ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம்."

நெடுமாறன் டப்பாவைப் பிரித்தான். உயிர் போகிற விஷயம் என்று ஆகிவிட்டது.

வண்டி, பக்கிரிசாமி சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த பழைய ஜப்பான் பைக். அந்தக் காலத்தில் இந்தச் சுற்று வட்டாரத்தில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் இருந்த ஒரே வண்டி. வலது கைப் பக்கம் இருக்கும் லீவரை இழுத்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், சக்கரம் நிற்கும். இதில் என்ன பெரிய ரகசியம் இருக்கிறது?

ஆனால் நெடுமாறனைப் பாடாய்ப் படுத்திவிட்டது. முதலில் சிலிண்டருக்குள் இருந்த ரப்பர்களை மாற்றினான். அடுத்த தடவை வேறொரு வண்டியின் சிலிண்டரையே பொருத்தினான். ஒவ்வொரு தடவையும் வண்டி நன்றாகத்தான் போனது, ஒவ்வொரு தடவையும் குட்டி யானை லோடு வண்டியில் ஏறித் திரும்பி வந்தது.

பெட்ரோல் டேங்கை ஈரத்துணியால் மூடினான். பிரேக் ஆயில் ஒரு சொட்டுப் பட்டாலும் பெயிண்ட் போய்விடும், அதற்கும் அவர் பேச்சுக் கேட்க வேண்டும். பழசைக் கழற்றிப் புதுசை மாட்டினான். லீவரை அமுக்கி அமுக்கி, குழாயில் இருந்த காற்றுக் குமிழ் ஒன்று விடாமல் வெளியே எடுத்தான். லீவர் கல் மாதிரி நின்றது.

அப்படியும் மனசு ஒப்பவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு ரயில்வே கேட் வரை போனான். திரும்பி வேகமாக வந்து, பக்கிரிசாமியின் செருப்புக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்தான். வண்டி அடித்து வைத்ததுபோல் நின்றது.

"பாத்தீங்களா சார்?"

"நீ ஓட்டுனா நிக்குது" என்றார். "நான் ஓட்டுனாத்தான் நிக்க மாட்டேங்குது."

"அப்ப நான் ஏமாத்துறேன்னு சொல்றீங்களா?"

"உன்னால ஆகலன்னா சொல்லிடு. தஞ்சாவூர்ல கொண்டு போய்க் காட்டிக்கிறேன்."

பக்கிரிசாமி டீக்கடையில் உட்கார்ந்து 'அவனால ஆகல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்புறம் இந்தப் பக்கம் ஒரு மொபெட்கூட எட்டிப் பார்க்காது. இந்த நாலு தகரத்தையும் ஒரு போர்டையும் வைத்துத்தான் நெடுமாறன் தலை நிமிர்ந்து நடக்கிறான். வண்டியில் பழுது இருந்தால் தேடலாம். இல்லாத பழுதை எங்கே போய்த் தேடுவது?

அழுகை வரும் போலிருந்தது. அழுவதற்குப் பதிலாகக் கோபம் வந்தது.

சாவியை உருவி, வேண்டுமென்றே இடது கையில் எடுத்து நீட்டினான். பிறந்ததிலிருந்து பெரியவர்களுக்கு அப்படி எதையும் அவன் கொடுத்ததில்லை. அம்மா பார்த்திருந்தால் அறைந்திருப்பாள்.

"இந்தாங்க சாவி."

பக்கிரிசாமி அந்தக் கையைப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலில் கிடந்த காலி டப்பாவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டப் போகிறார் என்று நெடுமாறன் காத்திருந்தான்.

அவர் திட்டவில்லை. துண்டை விலக்கி, முதல் தடவையாக வலது கையை நீட்டினார்.

சாவி அவர் கையில் நிற்காமல் தரையில், ஆயில் கறை மேல் விழுந்தது.

நெடுமாறனுக்கு ரத்தம் தலைக்கேறியது. "தொட்டு வாங்குனா ஒட்டிக்குமா சார்? எங்க தாத்தா காலத்துலயே இன்னும் இருக்கீங்களா?"

பக்கிரிசாமி சாவியை எடுக்கக் குனியவில்லை. கேட் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீட்டுல யாருக்கும் தெரியாது" என்றார். "வண்டியாத்தான் இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். இத்தனை சாமான் மாத்தியாச்சு, இனிமே அதச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல."

"எத சார் சொல்றீங்க?"

"கைதான் தம்பி பிடிக்க மாட்டேங்குது."