வலியை நிறுத்தியவர்

“நீங்க வெளிய போங்கம்மா!”

“நீ போடா!”

பிரசவ அறையில் அர்ச்சுனனும் அவன் தாயார் புஷ்பவள்ளியும் கத்திய கத்தலில், கட்டிலில் கிடந்த அவன் மனைவி ஷர்மினிக்கு வலி நின்றேபோனது.

“மிரண்டா உடம்பு வலியை நிறுத்திடும்லா,” என்றார் நர்ஸ். “ஒருத்தர்தான் இருக்கணும். மதியத்துக்குள்ள வலி வரலேன்னா ஆபரேஷன்தான்.”

இந்த மாமியாரும் மருமகளும் போடும் சண்டை யோங் பெங் ஊர் முழுக்கப் பிரசித்தம். அதனால் புஷ்பவள்ளியைத்தான் வெளியே அனுப்பினார்கள்.

அர்ச்சுனன் கைப்பேசியில் நேரம் பார்த்தபடி, “இப்ப வலிக்குதா? இப்ப?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஒரு மணி நேரமாகியும் வலி வரவில்லை.

நர்ஸ் ஆளை மாற்றினார். பத்தே நிமிடத்தில் வலி திரும்பியது. பதினொன்றரைக்கு ஷர்மினி மாமியார் கையை நசுக்கிக்கொண்டு அலறினாள்.

“ஏன் அத்தை இவரைப் பெத்தீங்க?”

“தெரியாம பெத்துட்டேன், நீ முக்கும்மா!”

பெண் குழந்தை. மாமியாரும் மருமகளும் குழந்தையோடு மூவார் நகரில் தனியாக வீடெடுத்துப் போய்விட்டார்கள். அர்ச்சுனன் சனிக்கிழமைகளில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு விருந்தாளியாகப் போகிறான்.