இரக்கப்பட்ட வண்டி

எனக்குத் துரோகம் செய்தவன் என் தங்கையின் புருஷன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

நாங்கள் இருவரும் ஒரே கிடங்கில் சுமை இறக்கினோம். மேல்தளத்திலிருந்து கீழே ஒரு சரிவு. துணிப் பொதி ஏற்றிய இரும்பு வண்டியை அதில் இறக்க ஒரு முறை உண்டு. ஒருவன் பின்னால் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி நடந்து வருவான். இன்னொருவன் சரிவின் அடியில் காத்திருந்து, வண்டி வந்ததும் சக்கரத்துக்குக் கட்டை வைப்பான். கட்டை வைப்பவனின் முதுகுக்குப் பின்னால் சுவர். அவன் உயிர் கயிற்றுக்காரன் கையில்.

அன்று கட்டை என்னிடம். கயிறு மச்சானிடம்.

பாதிச் சரிவில் வண்டி வேகம் பிடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். மச்சான் கயிற்றைக் கீழே போட்டான். அறுந்து போகவில்லை, நழுவவில்லை. கையை விரித்துப் போட்டான். கண்ணை மூடிக்கொண்டேன்.

என் நெஞ்சுக்கு நேராக வந்த வண்டி, கடைசி நொடியில் திரும்பி, முழங்காலை மட்டும் நசுக்கிவிட்டுத் தூணில் போய் மோதியது.

ஆஸ்பத்திரிக்கு அவனும் வந்தான், வலது கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு. அடிபட்டது எனக்கு, கட்டு அவனுக்கு. நாலு பேர் வாயை அடைக்க நடிப்பு என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

"கயித்த விட்டியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"விட்டேன்."

அத்தோடு பேச்சு முடிந்தது. பதினாலு வருஷம் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போன வருஷம் அவன் செத்ததற்கும் போகவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னேன். அந்த இரும்பு வண்டிக்கு இருந்த இரக்கம்கூட அவனுக்கு இல்லை. அதுவாவது திரும்பிக்கொண்டது.

நொண்டிக் காலோடு பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் வேலை கிடைத்தது. இந்த வருஷம் அங்கேயே ஏழாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சராக வந்து சேர்ந்தாள் அவன் மகள். பார்க்கும்போதெல்லாம் மாமா என்பாள். அப்போது மட்டும் எனக்குக் காது கேட்காது.

நேற்று சுற்றறிக்கையில் கையெழுத்து வாங்க அவள் வகுப்புக்குப் போனேன். உள்ளே பிள்ளைகள் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பெஞ்சில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, செங்கல் ஏற்றிய பொம்மை வண்டியை அதில் உருட்டிவிட்டாள். கீழே ஒரு சாக்பீஸ் நின்றது. அதுதான் மனுஷனாம். அவனைக் காப்பாற்ற வேண்டுமாம்.

முதலில் ஒரு பையன் வண்டியில் கட்டிய நூலைப் பிடித்து இழுத்தான். வண்டி அவன் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் சாக்பீஸை உடைத்தது. இவனையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கடா என்று பின்வரிசையில் ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்து ஒரு ரெட்டை ஜடைக்காரி வந்தாள். பாதிப் பலகையில் நூலை விட்டாள். ஓடும் வண்டியைப் பக்கத்திலிருந்து விரலால் இடித்தாள். வண்டி கோணலாகத் திரும்பி, சாக்பீஸின் ஓரத்தை மட்டும் உரசிவிட்டுப் போனது. விரலை உதறிக்கொண்டாள்.

டீச்சர் கேட்டாள், "நூலை ஏன் விட்டே?"

"பிடிச்சிட்டே இருந்தா பக்கத்துல போய் இடிக்க முடியாதே டீச்சர்."

சுற்றறிக்கை என் கையில் கசங்கியது. வாசலில் இருந்தபடியே கேட்டேன்.

"ஏன் டீச்சர், வண்டி தானா திரும்பாதா?"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு அது.

"திரும்பாது மாமா. நேரா ஓடுற பொருள் நேராத்தான் ஓடும். அது திரும்புச்சுன்னா, வெளியிலேர்ந்து ஒரு விசை அது மேல பட்டிருக்கு."

கையெழுத்துப் போட வாசலுக்கு வந்தாள். மெதுவாகக் கேட்டேன்.

"ஏன் உங்கப்பன் சொல்லல?"

"நாங்களும் கேட்டோம் மாமா. விட்டியான்னு மட்டும்தான் உங்க மாமா கேட்டாரு, ஏன் விட்டேன்னு அவர் வாயால கேட்டா சொல்றேன்னார். கடைசி வரைக்கும் நீங்க வருவீங்கன்னு பார்த்துட்டே இருந்தார்."

நாலாம் பீரியட் மணியை நான் அடிக்கவில்லை. ஹெட்மாஸ்டர் திட்டினார். அதுவும் காதில் விழவில்லை.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் விலகி வழிவிட்டாள். உள்ளே ஆணியில் அவன் சட்டை இன்னும் தொங்கியது. அதன் வலது கையை மட்டும் தோளிலிருந்து மணிக்கட்டு வரை நீளமாக வெட்டி, வரிசையாகப் பொத்தான் வைத்துத் தைத்திருந்தாள்.

"அவருக்குக் கடைசி வரைக்கும் கை மேல வரல அண்ணா. இப்படித்தான் மாட்டிவிடுவேன்."

எண்ணிப் பார்த்தேன். பதினொரு பொத்தான். நடிப்புக்கு யாரும் இத்தனை பொத்தான் தைப்பதில்லை.

"ஏன்டா கயித்த விட்டே?" என்று அந்தச் சட்டையிடம் கேட்டேன்.

என் வாயால் கேட்டாயிற்று. இனி சொல்ல வேண்டியது அவன்தான்.