றகீப் என்றால்

"நேத்துப் பேசாலையில பிறின்சி வீட்ட நண்டுக் கறியாம்?"

துபாயிலிருந்து கணவன் முனவ்வர் சிரித்துக்கொண்டே கேட்டான். சரீபா மனசுக்குள் ஆட்களை எண்ணிப் பார்த்தாள்.

நண்டுக் கறி சாப்பிட்டது சினேகிதி பிறின்சிக்குத் தெரியும். கூட்டிப் போன ஆட்டோக்காரன் றகீப்புக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது.

முனவ்வர் வேலையிடத்துப் பகிடி ஒன்றைச் சொன்னான். அவனோடு அறையில் இருக்கும் ஈரான்காரன், தினமும் முனவ்வரின் கைப்பேசியில் வரும் பெயரைப் பார்த்துவிட்டு, யார் இந்த றகீப், உன் பெண்சாதிக்குப் பின்னால் திரிகிறவனா என்று கேட்டானாம். பாரசீகத்தில் றகீப் என்றால் காதலில் போட்டிக்காரனாம்.

"நான் சொன்னன், அது அரபுச் சொல்லு, றகீப் எண்டா கண்காணிக்கிறவன், காவல்காரன் எண்டு."

ஈரான்காரன் விடவில்லை. சொல் அரபியில் இருந்து வந்ததுதான். ஆனால் ஒரு பெண்ணுக்குக் காவல் நிற்கிறவன், அவளை விரும்புகிறவனுக்கு இடைஞ்சல்தானே, அந்த இடைஞ்சல்தான் எங்களிடம் போகப்போகப் போட்டிக்காரன் ஆனது என்றானாம்.

முனவ்வர் விழுந்து விழுந்து சிரித்தான்.

சரீபாவின் காதில் 'தினமும்' என்ற சொல் மட்டும் நின்றது.

பிறகு அவன் குரல் தணிந்தது. "தையல் பெக்டரிக்கு வேலைக்குப் போகப் போறியாம். அது வேணாம், சரீபா."

அதை அவள் பிறின்சிக்குக்கூடச் சொல்லவில்லை. எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வரும் வழியில், சந்தோசம் தாங்காமல், ஆட்டோவுக்குள் வைத்துச் சொன்னாள். ஆருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன நாட்கள், சந்தையில் நின்று கதைத்த ஆட்கள், ஆட்டோவின் பின்னிருக்கையில் அழுத அழுகைகள். எல்லாம் துபாய்க்குப் போயிருக்கின்றன.

'ம்' என்று சொல்லிக் கைப்பேசியை வைத்தாள்.

வாசல் படலையில் ஆட்டோ ஹோர்ன் அடித்தது. றகீப் தலையை வெளியே நீட்டி, வழக்கம்போலச் சிரித்தான்.

"வெளிக்கிட்டாச்சா? இன்டர்வியூவுக்குப் பிந்தப் போகுது."

அந்த முகத்தில் எதையோ தேடினாள். ஒன்றும் இல்லை.

தலையிடி, இண்டைக்குப் போகவில்லை என்றாள்.

ஆட்டோ முடக்கில் திரும்பி மறையும்வரை நின்றாள். பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு, மன்னார் பஸ் வரும் சந்திக்கு வேகமாக நடந்தாள்.

உம்மா மௌத்தான நாளிலிருந்து இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பிக்கு, அவள் சொன்ன முதல் பொய் அது.