காய்ந்த தரை

அவள் முட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

காவல் நிலையத்தின் பாத்ரூம். துடைப்பம், பிரஷ், பிளீச்சிங் பவுடர் எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள்.

மகன் லோகுவை விடியற்காலையில் அழைத்துவந்துவிட்டார்கள். கடைவீதியில் யாரோ ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்த வழக்கு. அவனைப் பார்க்க விடவில்லை.

"பாத்ரூமையாச்சும் கழுவி விட்டுட்டுப் போறேன் சார்."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு உள்ளே கை காட்டினார்.

அவளுக்கு இந்தத் தரையை நினைத்துத்தான் பயம்.

போன மாதம் பக்கத்துத் தெருப் பையன் இங்கேதான் வழுக்கி விழுந்தான். கை ஒடிந்தது. அதற்கு முந்தியவன் தப்பி ஓடப் பார்த்து, ஆற்றுப் பாலத்திலிருந்து குதித்தான். கால். பேப்பரில் அப்படித்தான் போட்டிருந்தது.

மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கி அந்தப் பையன் கும்பிடும் படம் ஊர் முழுக்கச் செல்போனில் சுற்றியது. டீக்கடையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். திருட்டுப் பயலுக்கு நல்லா வேணும் என்றாள்.

ஒரு போலீஸ்காரர்கூட ஏன் அங்கே வழுக்கி விழுவதில்லை என்று யாரும் கேட்கவில்லை.

பாசியைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்றுதான் வந்தாள்.

பாசி இல்லை.

தரையில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். சொரசொரப்பான சிமெண்ட். தோல் எரிந்தது. எண்ணெய் ஊற்றினால்கூட இதில் எவனும் வழுக்கி விழ மாட்டான்.

அப்படியும் விடவில்லை. மூலை முடுக்கெல்லாம் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது வாசலில் நின்ற பெண் காவலர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எதுக்குக்கா இந்தக் கஷ்டம்? உம் புள்ள இங்க இல்ல. சங்கிலிய எங்க போட்டான்னு காட்டச் சொல்லி, பாலத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

துடைப்பத்தோடேயே ஓடினாள்.

தெருமுனையில் டீக்கடை. நாலைந்து பேர் ஒரே செல்போனுக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

யாரோ சத்தமாகச் சிரித்தார்கள்.

அவள் நின்றுவிட்டாள்.