முஸ்தபாவின் நோட்டு

காக்களூரில் தேசப்பனும் முஸ்தபாவும் ஆளுக்கொரு அட்டைப்பெட்டிப் பட்டறை போட்டது 2001-ல், ஒரே மாதத்தில். இப்போது முஸ்தபா, ஸ்வீட் கடைகளின் பெயரையே பெட்டியில் அச்சடித்துக் கொடுத்து, மூன்றாவது மெஷினும் வாங்கிவிட்டான். தேசப்பனுக்கு வயிறு எரிந்தது.

மாலை ரயிலில் வழக்கம்போல் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தவன், கேட்டேவிட்டான்.

"எப்டி பாய் உனுக்கு மட்டும் புதுசு புதுசா ஐடியா வருது?"

"எனுக்கு எங்க நைனா வருது? காதுல வுழறத எழுதி வெச்சுக்குவேன். இல்லாங்காட்டி மறந்துபூடும்."

யார் சொல்லித் தருகிறார்கள் என்று மட்டும் வாயைத் திறக்கமாட்டான், அமுக்கன்!

செவ்வாப்பேட்டையில் இறங்கிய முஸ்தபா, நோட்டை சீட்டிலேயே விட்டுப் போய்விட்டான். தேசப்பன் பாய்ந்து எடுத்துப் பிரித்தான்.

'ஸ்வீட் பெட்டியில் கடைப் பெயர் அச்சடிக்கலாம். ரயிலில் தேசப்பன் சொன்னது.'

அடுத்த பக்கமும் தேசப்பன் சொன்னது. அதற்கடுத்ததும்.

எப்போது சொன்னோம் என்று தேசப்பனுக்கு ஒன்றுகூட நினைவில்லை.