வீட்டில் சொல்ல முடியாதது

"உங்க பொண்ணு இன்னைக்கே வீட்டுக்கு வரணுமா, இல்ல ஆறு மாசம் கழிச்சு வரணுமா? அது உங்க பேச்சுலதான் இருக்கு."

அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. எதிரே, சலவைக்கடை அம்மாள் பையை மடியில் இறுக்கிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் மகள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பையனோடு நின்று சிரித்தாளாம். ஒழுக்கக் காவலர்கள் வேனை நிறுத்தி, வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள். "இதை உன் வீட்டில் சொல்லுவாயா?" அவள் பேந்தப் பேந்த விழித்தாள். அது போதாதா? சீர்திருத்த இல்லத்தில் ஆறு மாதம்.

ஓரத்து மேஜையில் தட்டச்சுக்காரி விரல்களைத் தயாராக வைத்திருந்தாள். அதிகாரியின் தலைக்கு மேலே பித்தளை எழுத்துகள் பளபளத்தன. 'வீட்டில் சொல்ல முடியாததைச் செய்யாதே - தலைவர்.' பள்ளியில் அந்த வாசகத்தைப் பற்றிப் பேசித்தான் தட்டச்சுக்காரி முதல் பரிசு வாங்கினாள்.

"பழைய துண்டறிக்கை ஒண்ணு கிடைச்சிருக்கு" என்றார் அதிகாரி. "இந்த வாசகத்தை முதல்ல சொன்னது, துணி ஆலையில இஸ்திரிப் பிரிவுல இருந்த ஒரு பொம்பளைன்னு அதுல போட்டிருக்கு. உங்க பேரும் இருக்கு. பாடப்புத்தகம் அச்சுக்குப் போற நேரம். என்னதான் நடந்துது?"

"நடந்ததைச் சொல்லவா, நீங்க எழுதிக்க வேண்டியதைச் சொல்லவாங்க?"

தட்டச்சுக்காரி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"நடந்ததைச் சொல்லுங்க" என்ற அதிகாரி, தட்டச்சுக்காரி பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ இதை டைப் அடிக்காதே."

"எங்களுக்கு ஒரு சூப்பர்வைசர் இருந்தான். லீவு வேணும்னாலும் ஸ்டோர் ரூமுக்கு வா, வேலை நிலைக்கணும்னாலும் ஸ்டோர் ரூமுக்கு வா. ஒருநாள், நான் வேலையில நிக்கும்போதே பின்னாலருந்து இடுப்புல கை வச்சான். திரும்பி நின்னு, 'இதை உன் வீட்டுல போய்ச் சொல்லுவியாடா'ன்னு கேட்டேன். அவ்வளவுதாங்க."

"அப்புறம்?"

"மறுநாள் ஆலை முழுக்க அதே பேச்சு. லஞ்சம் கேட்ட ஆபீசரைப் பார்த்துக் கேட்டாங்க. தடியடி நடத்துன போலீஸைப் பார்த்துக் கேட்டாங்க. கடைசியில மந்திரி வீட்டுச் செவுத்துலயே எழுதிட்டு வந்தாங்க. ஆட்சியே கவுந்துது. கீழே இருக்கிறவங்க மேலே இருக்கிறவனைப் பார்த்துக் கேட்ட கேள்விங்க அது. அதை எம்பொண்ணைப் பார்த்துக் கேக்குற அளவுக்கு எப்ப வந்துதுன்னுதான் எனக்குத் தெரியலை."

ஐயா இப்போது கத்தப் போகிறார் என்று தட்டச்சுக்காரி ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் கத்தவில்லை. வலக்கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

அந்தக் கையை அறியாதவர் உண்டா? புறங்கையில் அம்புமுனை போல வழவழவென்று ஒரு தழும்பு. போராட்டக் காலத்துக் காயம். மேடையில் அவர் அந்தக் கையைத் தூக்கினாலே கைதட்டல் அடங்க நேரமாகும். அலுவலகத்தில் எப்போதும் மேஜை மேல்தான் வைத்திருப்பார். இன்று இந்த அம்மாள் உள்ளே வந்ததிலிருந்து அதைக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. குளிராக இருக்கும் என்று தட்டச்சுக்காரி நினைத்துக்கொண்டாள்.

"அந்த சூப்பர்வைசர் பேரு?"

"மறந்துட்டேங்க."

"முகம்? இப்ப நேர்ல பார்த்தா அடையாளம் தெரியுமா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இருபத்திரண்டு வருஷம் ஓடிப்போச்சுங்க. எனக்கு இப்ப எம்பொண்ணு முகம் ஒண்ணுதான் ஞாபகம்."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "இப்ப அடிம்மா" என்றார்.

"தலைவர் எங்கள் ஆலைக்கு வந்தபோது, ஒழுக்கம் தவறிய பெண் தொழிலாளர்களைக் கண்டித்து இந்தப் பொன்மொழியைச் சொன்னார். நான் கூட்டத்தில் நின்று கேட்டேன். இது சத்தியம்" என்று ஒப்பித்தாள் சலவைக்கடை அம்மாள்.

தட்டச்சுக்காரி அடித்தாள். நடுவில் இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை விழுந்தது. சலவைக்கடை அம்மாள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகுதான் அதிகாரி வலக்கையை வெளியே எடுத்து விடுதலை உத்தரவில் கையெழுத்திட்டார்.

முத்திரை வாங்கிக்கொடுத்து, மகளை அழைத்து வரச் செய்து, இருவரையும் வாசல் வரை கொண்டுவிட்டாள் தட்டச்சுக்காரி. அந்தப் பெண்ணின் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அம்மா அதை ஒருமுறை தடவிக்கொடுத்தாள். "நீ முன்னால போ" என்று தெருவுக்கு அனுப்பிவிட்டு, படியில் ஒரு நிமிடம் நின்றாள்.

தட்டச்சுக்காரிக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"ஐயாவைத் தப்பா நினைக்காதீங்கக்கா. அவரும் பட்டுத் தேறி வந்தவர்தான். அந்தக் கையைப் பார்த்தீங்கல்ல? லாக்கப்புல பழுக்கக் காய்ச்சின இரும்பை வச்சு அழுத்தினாங்களாம். அப்பவும் வாயே திறக்கலையாம்."

"பார்த்தேம்மா" என்றாள் அவள், மகள் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து. "என் இஸ்திரிப் பெட்டியை அன்னைக்கு இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சிருக்கணும்."