இடம் எழுதிய தாள்

எங்கள் கூடார ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று ராணுவத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டும். தெரிந்தால் குண்டு போட மாட்டார்களாம். மூன்று முறை இடம் மாறி, மூன்று முறையும் எழுதிக் கொடுத்தோம். மூன்று முறையும் மறுநாளே குண்டு விழுந்தது. நர்ஸ் தவமலரைப் போர்வையில் அள்ளி எடுத்தோம். நான்காவது இடத்தை டாக்டர் யோகராணி எழுதிக் கொடுக்கவில்லை. பதினொரு நாளாக ஒரு குண்டும் இல்லை. இன்று டாக்டரும் நானும் மருந்து வாங்க ராணுவச் சோதனைச்சாவடிக்குப் போனோம். அதிகாரி பல்லைக் குத்திக்கொண்டே தாளைத் தள்ளினான். "எங்க இருக்கீங்கன்னு சொல்லலைன்னா உங்களை எப்படிம்மா காப்பாத்துறது? எழுதினாத்தான் மருந்து." பல்லிடுக்கிலிருந்து எடுத்த இறைச்சி நாரை மேசையில் தடவினான். டாக்டர் பேனாவை வாங்கி, அவன் உட்கார்ந்திருந்த அந்தச் சாவடியின் இடத்தையே எழுதி நீட்டினார். படித்ததும் அவன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தான்.